பம்ப் துப்பாக்கியில் துரு: நான் சரிசெய்த விதம்

களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் வாழைத்தோட்டம். வனவிலங்குச் சட்டப்படி இப்போது வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பன்றியை வெடிச்சத்தத்தால் விரட்ட மட்டும் அப்பாவின் 12 போர் (குழல் அளவு) பம்ப் துப்பாக்கி; முன்பிடியை, அதாவது பம்ப்பை, இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை. உரிமம் இப்போது என் பெயரில். வால்நட் கட்டை, கருநீலக் குழல். வெயிலில் பிடித்தால் முகம் தெரியும்.

ஐப்பசி மழையில் இரண்டு ராத்திரி நனைந்தது. மேலாகத் துடைத்து உறைக்குள் வைத்தேன். நாலாம் நாள் கை பட்ட இடமெல்லாம் செம்புள்ளி. பம்ப் பாதியில் இறுகி நின்றது.

"ஏல, தேங்காய் எண்ணெயா போட்ட?" என்றார் சித்தப்பா. ஆமாம். அது நாளாக நாளாகப் பிசினாகி, செம்மண் தூசியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று இருமுறை பார்த்தபின் குழலைக் கழற்றினேன். பம்ப் ஓடும் தண்டை மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவி, காயவைத்து, மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு. துருவுக்கு மிக நுண்ணிய இரும்பு நாரை (ஸ்டீல் வூல்) எண்ணெயில் நனைத்து, பூப்போல் தேய்த்தேன். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். குழலில் ஏற்றிய நீலம் உரசிப் போனால், தேய்த்து வராது. கட்டையில் வெளுத்த நீர்த்தடம் நிழலில் இரண்டு நாள் காய்ந்தபின், ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்க்க மறைந்தது.

இப்போது உறையில் வைப்பதில்லை. தோட்டத்திலிருந்து வந்ததும் வியர்வை போகத் துடைத்து, பூட்டிய அலமாரியில் நிறுத்திவைக்கிறேன். இந்தப் பிசானப் பருவம் முழுக்க ஒரு புள்ளி வரவில்லை.