மாரி கொட்டித் தீர்த்த வருசம்தான் காட்டுத்தீக்குப் பயப்பட வேண்டிய வருசம்

மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்து, ஊரே வெள்ளம் பார்க்கப் போய் நிற்கிற நேரத்தில் ‘வாற ஆடியில காடு எரியும், இப்பவே யோசியுங்கோ’ என்று சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். ஆனால் நான் சொல்ல வருவது அதைத்தான். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் முதலில் எரிவது மரம் அல்ல, புல். அந்தப் புல்லை ஆளுயரத்துக்கு வளர்த்துவிட்டுப் போவது நல்ல மாரி. மழை பொய்த்த வருசத்தில் குளம் வற்றும், மாடு மெலியும், கிணற்றில் அடி தெரியும், எல்லாம் உண்மை. ஆனால் எரிவதற்குத் தரையில் அதிகம் முளைத்திருக்காது. மழை கொட்டி, அதன் பிறகு இடைவிடாத வெயில் வருகிற வருசத்தில்தான் அலைகரையும் பற்றைக்காடும் தெருவோரமும் சேர்ந்து எரியும். ஆகவே தீக்காலம் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தொடங்க வேண்டிய மாதம் ஆடி இல்லை, தை.

எது எரியும், எது எரியாது

பாலைப்பழக் காலத்தில் ஒட்டுசுட்டான் பக்கக் காட்டுக்குள் போயிருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வெளியே றோட்டில் கால் வைக்க ஏலாத வெயில், உள்ளே கொஞ்சத் தூரம் நடந்தால் உடம்பில் வேர்வை ஆறும். ஒருதரம் நின்று சருகைக் காலால் கிளறிப் பார்த்தேன்: மேலே இரண்டு விரல் அளவுக்குக் காய்ந்த இலை, அதன் கீழே கறுத்து ஒட்டிக்கொண்டிருந்த பழைய இலை, அதற்கும் கீழே ஈரமண், ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது. மாரி முடிந்து ஐந்து மாதம் ஆகியும் அந்த ஈரம் நின்றது. பாலையும் வீரையும் கருங்காலியும் கோடையிலும் இலை வைத்திருக்கிற மரங்கள். மேலே கூரை போல மூடியிருப்பதால் வெயிலும் காற்றும் நிலத்துக்கு இறங்குவதில்லை. அப்படிப்பட்ட காட்டின் விளிம்புக்கு வருகிற தீ பெரும்பாலும் அங்கேயே சோர்ந்து போகும்.

எரிவது வேறு இடங்கள். போருக்குப் பிறகு ஆள் திரும்பாமல் பற்றை மண்டிப் போன காணிகள், காடு வெட்டிப் பயிர் செய்துவிட்டு விட்ட பழைய சேனை நிலங்கள், தெருவோரக் கினிப்புல், குளத்து அலைகரையில் நீர் இறங்க இறங்க வளர்ந்து காய்கிற புல், இலுக்குப்புல் தரை, அப்புறம் தேக்கங்காடு. தேக்கு கோடையில் இலையைக் கொட்டிவிடும், ஒவ்வொரு இலையும் காய்ந்த அப்பளம் மாதிரி நொறுங்கும், மேலே நிழலும் இருக்காது.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது விளிம்புதான். விளிம்பு ஒருமுறை எரிந்தால் சின்ன மரங்கள் செத்துக் கூரையில் ஓட்டை விழும், வெயில் இறங்கும், அடுத்த மாரியில் அந்த இடத்தில் மரக்கன்று வருவதற்கு முன்னம் கினிப்புல் வந்துவிடும், அது அடுத்த கோடையில் எரியும், எரிகிற ஒவ்வொரு தரமும் விளிம்பு இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். எரியாத காட்டை எரிகிற காடாக மாற்றுவது இப்படித்தான்.

இங்கே தீயைப் பெரும்பாலும் மனிதர்தான் வைக்கிறோம். இடி மின்னல் எங்களுக்கு மழையோடு சேர்ந்துதான் வருகிறது, அதனால் மின்னலால் காடு எரிவது மிக அரிது. மாட்டுக்குப் புதுப்புல் வேண்டும் என்று கொளுத்துவது, மான் துளிர் தின்ன வரும் என்று வேட்டைக்காரர் கொளுத்துவது, தேன் எடுத்துவிட்டுப் பந்தத்தை அணைக்காமல் வருவது, குப்பை, பீடித் துண்டு. காரணம் இவ்வளவுதான்.

தையில் இருந்து கணக்குப் பார்ப்பது

வன்னிக்கு வருசத்தில் ஏறத்தாழ 1250 முதல் 1500 மில்லிமீற்றர் வரை மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும். பிறகு மாசி, பங்குனியில் ஒரு சின்ன வறட்சி. சித்திரையில் பின்னேரம் இடி முழங்கிப் பெய்கிற சிறுமாரி. காண்டாவனம் என்கிற உச்ச வெயில் தொடங்கினால் புரட்டாசி வரை நீண்ட கோடை, கூடவே தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று. பெரிய தீ வருவது இந்த இரண்டாவது வறட்சியில்தான்.

தையில் பார்க்க வேண்டியது, மாரி எவ்வளவு புல்லை விட்டுப் போயிருக்கிறது என்பது. உங்கள் வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். புல் முழங்காலுக்கு மேல் நின்றால் கவனம். இடுப்பைத் தொட்டால், யாருடைய காணி என்று பார்க்காமல் ஊராகச் சேர்ந்து வெட்டுவதற்கு நாள் குறியுங்கள். அதோடு மாரி எப்போது நின்றது என்றும் எழுதி வையுங்கள். தை கடைசிவரை தூறிய வருசமும், மார்கழி நடுவில் சட்டென்று நின்ற வருசமும் ஒன்றல்ல. பின்னதில் புல் ஒரு மாதம் முந்திக் காயும்.

கடலையும் பாருங்கள். பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகிற எல் நினோ வருசங்களில் எங்கள் பக்கம் ஐப்பசி முதல் மார்கழி வரை மழை பெரும்பாலும் கூடும், அதன் பிறகு தை முதல் பங்குனி வரை குறையும். மேற்கு இந்து சமுத்திரம் கிழக்கைவிடச் சூடாக இருக்கிற வருசங்களிலும் மாரி கூடும், 2019 அப்படித்தான். அதாவது எல் நினோ என்று செய்தியில் கேட்டால் ‘வறட்சி’ என்று மட்டும் எடுக்காதீர்கள். எங்களுக்கு அது நிறையப் புல், பிறகு அந்தப் புல் நேரத்தோடு காய்ந்துபோவது. அதே கடல் குளிர்கிற லா நினாவில் மாரி குறையப் பார்க்கும். 2016 கடைசியில் மாரி பொய்த்து 2017இல் நாடு முழுக்கக் கடும் வறட்சி வந்தது நினைவிருக்கும். அப்படியான வருசத்தில் புல்லைவிட மரத்தைப் பாருங்கள்: தண்ணீர் இல்லாமல் மரமே இலையைக் கொட்டும், குளத்தடி மண் வெடிக்கும், வழமையாக எரியாத இடமும் எரியப் பார்க்கும். புயல் அடித்த வருசத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. 2020 மார்கழியில் புரெவி திருகோணமலைக் கரையால் ஏறி மன்னார்ப் பக்கம் போனது போல ஒரு புயல் வந்தால், முறிந்து விழுந்த கொப்புகள் அடுத்த கோடையில் விறகாகக் காய்ந்து கிடக்கும்.

கடைசியாகச் சித்திரைச் சிறுமாரி. இரண்டு மூன்று நல்ல மழை விழுந்தால் தீக்காலம் ஒரு மாதம் தள்ளிப் போகும். விழாவிட்டால் வைகாசியிலேயே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடுகிற எதிர்வுகூறல்களையும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கைகளையும் பாருங்கள், ஆனால் அன்றைய தினம் உங்கள் ஊர் எப்படி என்பதைச் சருகுதான் சொல்லும். மத்தியானம் ஒரு பிடி சருகை எடுத்துக் கசக்குங்கள். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. தூளாகிக் கையிலிருந்து பறந்தால் அன்றைக்கு வெளியில் ஒரு அடுப்பும் மூட்ட வேண்டாம். பென்சில் பருமனில் ஒரு சுள்ளியை முறியுங்கள்: சத்தம் இல்லாமல் மடிந்தால் பயமில்லை, ‘சடக்’ என்று முறிந்தால் காய்ந்துவிட்டது.

நேற்று மழை பெய்தது என்பதை நம்ப வேண்டாம். புல்லும் சருகும் நல்ல வெயிலிலும் காற்றிலும் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். கைப்பருமன் கொப்புக்கு நாலைந்து நாள் வேண்டும். தொடைப்பருமன் மரத்துண்டு உலர ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். அதனால்தான் வைகாசித் தீ புல்லோடு ஓடி முடிந்துவிடும், ஆவணித் தீ மரக்குற்றிகளையும் பிடித்து நாட்கணக்கில் புகையும்.

போன் இருந்தால் நாசாவின் ‘ஃபேர்ம்ஸ்’ (FIRMS) தீ வரைபடத்தைத் திறந்து வன்னியைப் பெருப்பித்துப் பாருங்கள், காசு இல்லை. செய்மதி சூடு கண்ட இடங்கள் சில மணித்தியாலத்துக்குள் புள்ளியாக விழும். ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 375 மீற்றர்ச் சதுரத்துக்குள் எங்கோ சூடு இருந்தது என்பதுதான், சரியாக அந்த மரத்தடி என்று அல்ல. மாசி, பங்குனியில் வயல் வெளிகளில் விழுகிற புள்ளிகள் அனேகமாக வெட்டு முடிந்து வைக்கோல் கொளுத்துவது. காட்டு விளிம்பில் விழுகிற புள்ளியைத்தான் கவனிக்க வேண்டும். முகில் மறைத்தால் ஒன்றும் தெரியாது, ஆகவே புள்ளி இல்லை என்றால் தீ இல்லை என்று முடிவெடுக்காதீர்கள்.

சோளகப் பக்கத்தைச் சுத்தம் செய்வது

வன்னி தட்டையான நிலம். இங்கே தீயை நடத்துவது மேடு பள்ளம் இல்லை, காற்று. நீண்ட கோடையில் அது தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, மத்தியானத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக. அதனால் நேரமும் கைகளும் குறைவாக இருந்தால் வளவின் தென்மேற்குப் பக்கத்தை முதலில் செய்யுங்கள். வீட்டைச் சுற்றி 30 அடிக்காவது சருகைக் கூட்டி, புல்லைக் கட்டையாக வெட்டி வையுங்கள். வேலிக்கு வெளியே வெறும் மண்ணாக ஒரு பட்டி போடுங்கள், அகலம் நிற்கிற புல்லின் உயரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். சித்திரை மழையில் மண் இளகியிருக்கிறபோது ட்ரக்டரால் இரண்டு சால் ஓட்டினால் அரை நாள் வேலை. ஆனியில் அதையே மண்வெட்டியால் செய்யப் போனால் கை கொப்பளிக்கும்.

கிடுகு வேலியும் ஓலை வேலியும் தீயை வீட்டுக்குக் கூட்டிவருகிற வழி. முடிந்தவர்கள் அந்தப் பக்கத்துக்காவது கிளுவை, பூவரசு என்று உயிர்வேலி போடுங்கள். வைக்கோல் போரை வீட்டுக்கு வடகிழக்கில், நன்றாகத் தள்ளி வையுங்கள், பற்றினாலும் பொறி வீட்டுப் பக்கம் வராது. மருந்து அடிக்கிற டாங்கி ஒன்றை நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பிக் கொட்டிலில் வையுங்கள். சின்னத் தீக்கு அதைப் போல உதவுகிற பொருள் வேறு இல்லை.

குப்பை கொளுத்துவது பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஆனி மாதம் விடியக் காற்று இல்லை என்று பார்த்து வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்தினேன். எட்டு மணிக்குச் சாம்பல் வெள்ளையாகிவிட்டது, அணைந்துவிட்டது என்று விட்டுவிட்டுப் போனேன். பதினொரு மணிக்குச் சோளகம் எழும்பியது, சாம்பலுக்குள் கிடந்த தணல் பறந்து வேலியில் விழுந்தது. அயலவர்கள் பச்சைக்குழையோடு ஓடி வந்திருக்காவிட்டால் பக்கத்து வீட்டுக் கொட்டிலும் போயிருக்கும், உள்ளே கட்டியிருந்த கன்றும் போயிருக்கும். அன்றிலிருந்து வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை எங்கள் வளவில் நெருப்பு இல்லை, சருகெல்லாம் நிலத்தில் தோண்டிய கிடங்குக்குள். கொளுத்தியே ஆக வேண்டும் என்றால் மழை விழுந்த மறுநாள், கிடங்கில், பக்கத்தில் தண்ணீரோடு, சாம்பலுக்குள் கை வைக்கக் குளிரும் வரை அங்கேயே நின்று. அரச காட்டுக்குத் தீ வைப்பது 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

தீ வந்துவிட்டால்

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது எந்தக் குளத்தடி, எந்த றோட்டின் எத்தனையாவது கட்டை, காற்று எங்கே போகிறது என்று சொல்லுங்கள், ‘காட்டுக்குள்ள எரியுது’ என்றால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

அடுத்தது எல்லாவற்றையும் விட முக்கியம். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நிற்கிற நிலம், கண்ணிவெடி அகற்றி முடியாத நிலம், அப்படி என்று சந்தேகமாவது இருக்கிற நிலம், இவற்றில் தீ அணைக்க ஒருவரும் இறங்கக் கூடாது. நிலத்தில் கிடக்கிற வெடிபொருள் சூட்டில் வெடிக்கும். தூரமாக விலகி, எரிய விட்டுவிட்டு, றோட்டிலோ வெறும் நிலத்திலோ தடுங்கள். காடு திரும்ப வரும், கால் வராது.

பயமில்லாத நிலம் என்று தெரிந்தால், தீயின் முகத்துக்கு முன்னால் போகாதீர்கள். எரிந்து கறுத்த நிலத்தில் நின்றுகொண்டு, பின்பக்கத்திலிருந்து தொடங்கி இரண்டு ஓரமாக முன்னேறி, பச்சைக்குழையால் அடியுங்கள். ஓங்கி அடித்தால் பொறி பறக்கும், நெருப்பின் மேல் வைத்து அமத்தி இழுக்க வேண்டும். பருத்தி உடுப்பும் செருப்பல்லாத சப்பாத்தும் போடுங்கள், நைலோன் தோலோடு உருகி ஒட்டும். சுவாலை உங்கள் நெஞ்சளவுக்கு மேலே போனால் குழையை விட்டுவிட்டு விலகுங்கள். ஓட வேண்டி வந்தால் காற்றோடு சேர்ந்து ஓடாமல் குறுக்கே, குளத்துத் தண்ணீருக்கோ றோட்டுக்கோ எரிந்து முடிந்த நிலத்துக்கோ போங்கள். வயோதிபரையும் பிள்ளைகளையும் புகை வருவதற்கு முன்னமே அனுப்பிவிடுங்கள். காட்டுப் பக்கமிருந்து யானையும் கரடியும் பாம்பும் அதே வழியால் வெளியே வரும், அதற்கும் இடம் விட வேண்டும்.

அணைந்த பிறகு அன்றிரவு இருட்டில் ஒருமுறை சுற்றுங்கள், பகலில் தெரியாத தணல் அப்போது தெரியும். காய்ந்த மாட்டெருவும் பனங்குற்றியும் வெளியே கறுத்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும், காலால் புரட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாம் நாள் மத்தியானம் காற்று எழும்புகிற நேரத்தில் இன்னொருமுறை. எரிந்த விளிம்பில் அந்த மாரிக்குக் கினிப்புல் தலை காட்டும், பூ வைக்க முன்னம் அதை வெட்டிவிடுங்கள். அடியிலிருந்து துளிர்க்கிற மரங்களுக்கு அப்போதுதான் வெயில் கிடைக்கும்.