தேய்ந்த ரோமானியக் காசில் போர்க் கடவுள் மார்ஸை அடையாளம் காண்பது

முதலில் விளக்கை நேராக அடிக்காதீர்கள். பக்கவாட்டில், தாழ்வாகப் பிடித்து, காசை மெதுவாகத் திருப்புங்கள். தேய்ந்த கோடுகள் நிழலில் எழுந்து வரும்.

தலைக்கவசத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் அப்படித்தான் ஒரு காசை இரண்டு வருடம் 'மார்ஸ்' என்று சீட்டு எழுதி வைத்திருந்தேன். அது விர்டஸ், வீரத்தின் உருவம். குட்டை அங்கியும் ஒரு பக்கம் திறந்த மார்புமாக இருந்தால் விர்டஸோ, ரோம் நகரத்தின் உருவமான ரோமாவோ என்று சந்தேகப்படுங்கள்.

அப்புறம் கைகள். ஒரு கையில் ஈட்டி, தோளில் வெற்றிச் சின்னம் (கம்பத்தில் மாட்டிய எதிரியின் கவசம்), நடக்கும் கோலம், உடம்பில் துணி அதிகமில்லை என்றால் பெரும்பாலும் 'மார்ஸ் விக்டர்', அதாவது வெற்றியாளர். ரோமப் பேரரசர் புரோபஸின் காசுகளில் பார்க்கலாம். இன்னொரு பேரரசரான இரண்டாம் கிளாடியஸ் காலத்தில் இதே கோலத்துக்கு 'மார்ஸ் உல்டர்', அதாவது பழிவாங்குபவர் என்று எழுதினார்கள். அதனால் எழுத்தையும் படிக்கத்தான் வேண்டும். 'உ' (U) வரவேண்டிய இடத்தில் 'வி' (V) எழுத்து இருக்கும், குழம்ப வேண்டாம்.

எனக்குப் பிடித்தது 'மார்டி பசிஃபெரோ', அதாவது அமைதி கொண்டுவரும் மார்ஸுக்கு. போர்க் கடவுள் கையில் ஆலிவ் கிளை! பேரரசர் செவெரஸ் அலெக்சாண்டர் காசில் ஈட்டியை இன்னொரு கையில் விடாமல் பிடித்திருப்பார்.

தாடி வைத்த மார்ஸ் வேண்டுமா? பேரரசர்களுக்கு முந்தைய ரோமக் குடியரசின் தொடக்கக் காசுகளைத் தேடுங்கள், பின்பக்கம் குதிரைத் தலை இருக்கும்.