கம்மி செலவுல டீசல் ஜெனரேட்டர் புகைச் சூடு அளக்கறது எப்படிங்க

எங்க தோட்டம் சுல்தான்பேட்டை பக்கம், ரெண்டு கோழி செட்டு இருக்குதுங்க. சித்திரை வெயில்ல கரண்டு போயி ஃபேன் நின்னா என்ன ஆகும்னு பண்ணை வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியும், அதுக்குன்னே 7.5 கேவிஏ சிங்கிள் பேஸ் டீசல் ஜெனரேட்டர் ஒண்ணு, ஒத்த சிலிண்டர், 1500 ஆர்பிஎம். போன வருசம் லோடு ஏறுனா கருப்பா கக்க ஆரம்பிச்சுது. வந்த மெக்கானிக் காதை வெச்சுக் கேட்டுட்டு டீசல் பம்ப்பைக் கழட்டி மாட்டிட்டுப் போனார், புகை கொறைஞ்ச மாதிரி இருந்துது, டீசல் மட்டும் எச்சா குடிச்சுது. ஒரு நாள் ராத்திரி பாத்தா சைலன்சருக்கு முன்னாடி பைப்பு மங்கலா செவந்து தெரியுது. இருட்டுல இரும்பு செவப்பா தெரியணும்னா 500 டிகிரிக்கு மேல போகணும். அன்னைக்குத்தான் இதை அளந்தே ஆகணும்னு உக்காந்தேன்.

ஆர்டுயினோங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டுல ப்ரோக்ராம் ஏத்தறது, சால்டரிங் இதெல்லாம் நான் சொல்லலீங்க, அது யூட்யூப்ல கொட்டிக் கெடக்குது.

வாங்க வேண்டியது

ஆர்டுயினோ நானோ ஒண்ணு, சூடு அளக்கற ப்ரோப்பான கே டைப் தெர்மோகப்பிள் ஒண்ணு, அதுல வர்ற வோல்ட்டை டிகிரியா மாத்தற மேக்ஸ் 6675 மாட்யூல் ஒண்ணு. எனக்கு எல்லாம் சேத்தி 1500 ரூவாய்க்குள்ள முடிஞ்சுது. மாட்யூலோட ஓசியா ஒரு குட்டி போல்ட் மாதிரி ப்ரோப் தருவாங்க, அதைப் புகைக்குள்ள வெக்காதீங்க, அந்த சூட்டுக்கு அது ஆகாது. 3 மில்லிமீட்டர் தடிமன்ல எஸ்எஸ் உறை போட்ட ப்ரோப் தனியா வாங்குங்க, "அன்கிரவுண்டட் ஜங்ஷன்", அதாவது உள்ள இருக்கற கம்பி உறையத் தொடாதது, வேணும்னு வாயத் தொறந்து கேளுங்க. ஏன்னு கீழ அப்டேட்ல இருக்குது.

ஒரே ஒரு தடவை பாத்தா போதும்னா ஆர்டுயினோவே வேண்டாம், கே டைப் வசதி இருக்கற மல்டிமீட்டர் வாங்கி அதுல இந்த ப்ரோப்பை மாட்டிக்கோங்க, நாளைக்கு மோட்டாருக்கும் ஆகும். கன் மாதிரி நீட்டி அளக்கற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இதுக்கு வேஸ்ட்டுங்க. அது பைப்போட தோலத்தான் பாக்கும், உள்ள போற புகைய இல்ல. பளபளன்னு இருக்கற பைப்புல இன்னும் கொறைச்சுக் காட்டும்.

ஓட்டை

பைப்பைக் கழட்டி பட்டறைக்குக் கொண்டு போங்க. மெசின் மேலயே வெச்சு வெல்டிங் அடிக்க விடாதீங்க, ஆல்டர்னேட்டரும் போகும், பேரிங்கும் போகும். ஹெட்டுல இருந்து எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட, சைலன்சருக்கு முன்னாடி, ஒரு 1/8 இஞ்ச் சாக்கெட்ட பத்த வெச்சு அதுல கம்ப்ரெசன் ஃபிட்டிங் (ப்ரோப்பை இறுக்கிப் புடிக்கற நட்டு) போட்டு ப்ரோப்பை எறக்குங்க, நுனி பைப்புக்கு நட்ட நடுவுல நிக்கணும். ஓரத்துல நின்னா கொறைச்சுத்தான் காட்டும்.

தண்ணி டெஸ்ட், அப்பறம் நான் மாட்டுன எடம்

ப்ரோப்பை மெசின்ல ஏத்தறதுக்கு முன்னாடி கொதிக்கற தண்ணியில விட்டுப் பாருங்க. 100 வருலைன்னு பதறாதீங்க, கோயமுத்தூர் கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டர் சொச்சம் ஒசரம், நமக்கெல்லாம் தண்ணி 98, 99லயே கொதிச்சுரும். ஊட்டிக்காரங்களுக்கு 92, 93 வந்தா சரி.

எனக்கு 98.25 வந்துது, சந்தோசமா மாட்டி ஓட்டுனேன். முழு லோடு குடுத்து வெச்சிருக்கறேன், நெம்பர் ஏறி நிக்கணுமல்ல, ஏறிட்டு மெதுவா எறங்குது. பத்து நிமிசத்துல 40 டிகிரி கொறைஞ்சுது. சத்தம் மாறல, புகை மாறல, கிளாம்ப் மீட்டர்ல கரண்டும் மாறல. ப்ரோப் போச்சுன்னு நெனச்சு இன்னொண்ணு வாங்குனேன், அதுவும் அதே மாதிரி. மாட்யூலை மாத்துனேன், அதே. ரெண்டு வாரம் இதுலயே போச்சுங்க.

கடசில ஒரு நாள் விடியக்கால சமையக்கட்டுல மறுபடியும் தண்ணி கொதிக்க வெச்சு பாத்துட்டு இருக்கைல, வயர் ஜாயிண்ட்டு அடுப்புப் பக்கம் தொங்குதேன்னு கையில புடிச்சு நகத்துனேன். 98ல நின்ன நெம்பர் 95க்கு வந்துருச்சு. விட்டேன், ஏறுச்சு. புடிச்சேன், எறங்குச்சு. அட கெரகமே!

வெசயம் என்னன்னா, ப்ரோப்போட வயர் ஒரு மீட்டர்தான், எட்டலைன்னு வீட்டுல கெடந்த சாதா காப்பர் வயரை முறுக்கி டேப் சுத்தி நீட்டியிருந்தேன். தெர்மோகப்பிள்னா ரெண்டு வேற வேற உலோகக் கம்பி, ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் இருக்கற சூட்டு வித்தியாசத்துக்கு ஏத்த மாதிரி வோல்ட்டு தரும், கே டைப்புக்கு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் பக்கம். காப்பர் ஆரம்பிக்கற எடத்துல அந்தக் கணக்கு முடிஞ்சுருது. மாட்யூலோ தன்கிட்ட இருக்கற சூட்டைத்தான் கூட்டும். மெசின்கிட்ட ஜாயிண்ட்டு 80 டிகிரி, மாட்யூல் நெழல்ல 35 டிகிரின்னா நேரா 45 டிகிரி கொறையும். வீட்டுல ஜாயிண்ட்டும் மாட்யூலும் ஒரே சூட்டுல இருந்ததால தண்ணி டெஸ்ட் பாஸாயிருச்சு, அதான் என்னை ஏமாத்துனது.

நீட்டணும்னா கே டைப் எக்ஸ்டென்சன் வயர்னே மீட்டர் கணக்குல கேட்டு வாங்குங்க. இல்லைன்னா நானோவையும் மாட்யூலையும் ஒரு டிஃபன் பாக்ஸ்ல போட்டு ரேடியேட்டர் காத்து படாத எடத்துல வெச்சு, லேப்டாப் வரைக்கும் யூஎஸ்பி கேபிளை நீளமா இழுத்துக்கோங்க, செலவில்லாத வழி அதுதான். கம்பி மாறிப் போகாம ஜாயிண்ட் போடணும். கலர நம்பாதீங்க, ஒரு நாட்டு கணக்குல செவப்பு மைனஸ், இந்த மாட்யூலோட வர்ற ப்ரோப்புல செவப்பு ப்ளஸ். ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தத்த கம்பிகிட்ட கொண்டு போங்க, எது ஒட்டுதோ அது மைனஸ்.

ப்ரோக்ராம்ல ஒண்ணே ஒண்ணு: இந்த சிப்புக்கு ஒரு தடவை அளக்க 220 மில்லி செகண்ட் வரைக்கும் ஆகும். அதுக்குள்ள திரும்பத் திரும்ப கேட்டா நெம்பர் உறைஞ்சு நிக்கும். டிலே 500 போட்டுட்டு மறந்துருங்க.

லோடு

ஃபேன் ஓடையில பாத்த நெம்பரும் மோட்டார் ஓடையில பாத்த நெம்பரும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியாது. நான் பண்ணுனது, 1500 வாட்ஸ் வாட்டர் ஹீட்டர் ராடு நாலு, பிளாஸ்டிக் டிரம்முல 100 லிட்டர் தண்ணி. ஒண்ணொண்ணா போட்டா 1.5, 3, 4.5, 6 கிலோவாட். 7.5 கேவிஏக்கு 6 கிலோவாட்தான் முழு லோடு. ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிசம் விட்டு எழுதுங்க, வெளிச்சூட்டையும் எழுதுங்க. ராடு ஓடையில தண்ணியில கைய விட்டுறாதீங்க. அன்னைக்கு வந்த ஒறம்பரைக்கெல்லாம் பொழுதோட சுடுதண்ணிக் குளியல்.

எனக்கு வந்தது: லோடில்லாம 160, அப்பறம் 240, 340, 465, கடசில 640. கடசிப் படியில மட்டும் தாவுது பாருங்க, அங்கதான் புகையும்.

சரி பண்றது

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, மறுபடி நாலு ராடும் போட்டுப் பாருங்க. முதல்ல ஏர் ஃபில்டர். என்னோடது ஆயில் பாத், காத்து எண்ணெயில பட்டு தூசி ஒட்டிக்கற வகை, அடியில கோழி எறகும் தூசியும் சேர்ந்து களி மாதிரி இருந்துது, கழுவுனதுக்கே 640 போயி 595 ஆச்சு. அடுத்து டீசலைப் பீச்சற நாசில் டெஸ்ட், ஒழுகிட்டு இருந்துது, மாத்துனதும் 550. கடசியா டைமிங், டீசல் அடிக்கற நேரம். பம்ப்புக்கு அடியில ஷிம் (மெல்லிசு தகடு) எச்சானா டீசல் லேட்டா அடிக்கும், லேட்டா எரியறது சூடா சைலன்சருக்குப் போயிரும். அந்த மெக்கானிக் ஒரு ஷிம்மை எச்சா போட்டிருந்தார். மேனுவல்ல இருக்கற டைமிங் டிகிரிக்கு கொண்டு வந்ததும் சூடு 505. சூடு எறங்குதேன்னு மேனுவலையும் தாண்டி எடுக்காதீங்க, தட்டற சத்தம் வந்து பிஸ்டனைக் காவு வாங்கிரும்.

அப்டேட்: நெம்பர் குதிக்குதுன்னு ஒருத்தர் சொன்னார், பாத்தா நானோவுக்கு ஜெனரேட்டர் பேட்டரியில இருந்தே கரண்டு எடுத்திருக்கறார், ப்ரோப்பும் கிரவுண்டட், கம்பி உறையத் தொடறது. மெசின் பாடி வழியா கிரவுண்டு சுத்தி வந்து கெடுக்குது. பவர் பேங்க்ல ஓட்டுனதும் நின்னுருச்சு.

இன்னொரு அப்டேட்: ஃபிட்டிங் ரெண்டு சுத்து போயி எறுகிக்குதுங்கறவங்க மரையைப் பாருங்க. மரையில ரெண்டு வகை இருக்குது, 1/8ல பிஎஸ்பின்னா இஞ்ச்சுக்கு 28 மரை, என்பிடின்னா 27. சாக்கெட்டும் ஃபிட்டிங்கும் ஒரே கடையில வாங்கிருங்க.

பெட்ரோல் ஜெனரேட்டர்காரங்க மேல இருக்கற டியூனிங் பகுதிய அப்படியே எடுத்துக்காதீங்க. டீசல் மெசின்ல டீசல் எச்சானா சூடு ஏறும், பெட்ரோல் மெசின்ல ஏற்கெனவே ரிச்சா (காத்துக்கு பெட்ரோல் எச்சா) இருக்கறப்ப எச்சா பெட்ரோல் போனா சூடு எறங்கும், ரொம்ப லீன் (பெட்ரோல் கம்மி) ஆனாலும் எறங்கும், எந்தப் பக்கம் நிக்கறோம்னு நெம்பரை மட்டும் பாத்து சொல்ல முடியாது. ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி கலர் பாருங்க.