சான்சிபார் கில்லி மீன்: வளர்ப்பும் முட்டைக் காப்பும் படமெடுப்பும்

கில்லி மீன்கள் எனப்படும் வண்ணமயமான சிறு மீன்களில் வீட்டுத் தொட்டிக்கு முதலில் எதைக் கொண்டுவரலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் நோத்தோபிராங்கியஸ் குந்தெரி. தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபாரின் உங்குஜா தீவில், மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வறண்டுவிடும் குட்டைகளிலும் பள்ளங்களிலும் இது வாழ்கிறது. ஃபெஃபர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1893இல் இதற்கு அறிவியல் விளக்கம் எழுதினார். ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆணின் உடல் நீலமும் பச்சையும் கலந்து மின்னும். ஒவ்வொரு செதிலின் ஓரத்திலும் செம்பழுப்புக் கோடு ஓட, வால் முழுதும் சிவந்திருக்கும். குட்டை வற்றும்போது மீன்கள் மடிந்துவிடுகின்றன; சேற்றில் புதைந்த முட்டைகள் மட்டும் அடுத்த மழை வரை உயிரோடு காத்திருக்கின்றன. தொட்டியில் நன்கு பேணினாலும் இதன் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டுதான் என்பதால், இதை வளர்க்கத் தொடங்குகிறவர் முதல் நாளிலிருந்தே அடுத்த தலைமுறைக்கான முட்டையைப் பற்றியும் அது எந்த வழியில் வந்தது என்ற குறிப்பைப் பற்றியும் அக்கறை கொள்ள வேண்டும்.

ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற கணக்கில் 20 லிட்டர்த் தொட்டி போதுமானது. ஆண் ஓயாமல் பெண்ணைத் துரத்தும் இயல்புடையது. ஒரே பெண்ணை அதனுடன் விட்டால் அது சில வாரங்களில் மெலிந்து ஒடுங்கிவிடும். மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும், ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் பாசியும், இடைவெளியில்லாத மூடியும் இருக்க வேண்டும். கில்லி மீன்கள் துள்ளிக் குதிப்பவை. ஃபில்டர்க் குழாய் நுழையும் சிறு துளை வழியாகக்கூட வெளியே விழுந்துவிடும். நீர் 23 முதல் 26 டிகிரி செல்சியஸில் இருப்பது நல்லது. வெப்பம் கூடினால் வளர்ச்சி விரைவுபடும், ஆயுள் குறையும். நம் ஊர்க் கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது, நீர்ப்பரப்பின் மேல் படும்படி ஒரு சிறு மின்விசிறியை வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

உணவில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கொசுப்புழு, டியூபிபெக்ஸ் என்ற மெல்லிய செம்புழு, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிர் ஆகியவற்றை நாளுக்கு இரு முறை கொடுத்து, வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றிவர வேண்டும். இந்த இனத்தை வாட்டும் முதன்மையான நோய், வெல்வெட் எனப்படும் ஒட்டுண்ணி நோய். மங்கிய அறையில் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால், மீனின் முதுகில் பொன்துகள் தூவியதுபோல் அந்த ஒட்டுண்ணி தெரியும். லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு என்ற அளவில் எப்போதும் நீரில் இருந்தால் இது பெரும்பாலும் அண்டுவதில்லை. வந்துவிட்டால் உப்பைச் சிறிது கூட்டுவதோடு தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்க வேண்டும். அந்த ஒட்டுண்ணி ஒளியிலிருந்தும் உணவு பெறுவதால் இருட்டு அதைத் தளர்த்தும்.

முட்டை சேகரிக்கும் முறைதான் இந்த வளர்ப்பின் உயிர்நாடி. உயரமான சிறு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் மீன் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, உள்ளே இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பீட் மாஸ் எனப்படும் மக்கிய பாசித்தூள் அல்லது கோகோபீட்டைப் பரப்பி, கூழாங்கல் போட்டு அமிழ்த்தி வைக்க வேண்டும். பீட் மாஸ் கிடைக்காதவர்கள் வருந்த வேண்டியதில்லை. தென்னை நார்க்கழிவிலிருந்து வரும் கோகோபீட்டைப் பலமுறை அலசி உப்பைப் போக்கி, அரை மணி நேரம் கொதிக்கவைத்துப் பிழிந்தால் அதே வேலையைச் செய்யும். சில மணி நேரத்தில் ஆண் அந்த டப்பாவுக்குள் இடம்பிடித்துக்கொள்ளும். பெண் வந்ததும் ஆண் அதன் பக்கவாட்டில் ஒட்டி நின்று, தன் முதுகுத் துடுப்பை அதன் மேல் மடித்து அணைத்து, இரண்டும் நடுங்கியபடி பீட்டுக்குள் அமிழும். ஒவ்வொரு அணைப்பிலும் ஒரு முட்டை, ஒரு மில்லிமீட்டர் அளவில், நார்களுக்கிடையே தங்கும்.

பத்து நாளுக்கு ஒருமுறை டப்பாவை எடுத்து, பீட்டை வலையில் கொட்டி மெல்லப் பிழிந்து, செய்தித்தாளின் மேல் பரப்பிச் சில மணி நேரம் ஆறவிட வேண்டும். எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். புட்டுக்குப் பிசைந்த மாவைக் கையில் பிடித்தால் பிடியாக நிற்கும், விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும் அல்லவா, அந்தப் பதமே இதற்கும் சரியானது. அதைவிட ஈரமானால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்துவிட்டால் முட்டை சுருங்கிப்போகும். பின்னர் காற்று கொஞ்சம் தங்கும்படி ஜிப் பையில் இட்டு, இனத்தின் பெயர், அது முதலில் பிடிக்கப்பட்ட ஊர் அல்லது அந்த இடத்தின் குறியீடு, எடுத்த தேதி ஆகிய மூன்றையும் அழியாத மையில் எழுதி, வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும். ஊர்க்குறிப்பு இல்லாத முட்டைப்பை எவ்வளவு நல்ல மீனிலிருந்து வந்திருந்தாலும் நான் அதை ஏற்பதில்லை. வெவ்வேறு குட்டைகளின் மீன்களைத் தெரியாமல் கலந்துவிட்டால், அவற்றை மீண்டும் பிரித்தெடுக்க வழியே கிடையாது.

சுமார் 25 டிகிரியில் மூன்று முதல் நான்கு மாதங்களில் முட்டை முதிரும். ஆனால் நாட்காட்டியை நம்பி, பொரிக்கவைப்பதற்காக முட்டையை நீரில் நனைக்கக் கூடாது. இரண்டாம் மாதத்திலிருந்து அவ்வப்போது நான்கைந்து முட்டைகளை வெள்ளைத் தட்டில் எடுத்து உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். முதிர்ந்த முட்டையை உள்ளிருக்கும் குஞ்சு முழுதுமாக நிறைத்திருக்கும். கறுத்த கண்ணைச் சுற்றிப் பொன்வளையம் தெளிவாகத் தெரியும். பெரும்பாலானவற்றில் அந்த வளையம் தெரிந்த பின், ஆழமில்லாத தட்டில் பீட்டைப் பரப்பி, 18 முதல் 20 டிகிரிக் குளிர்ந்த நீரை 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்ற வேண்டும். சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். நனைக்கும் காலம் ஐப்பசி, கார்த்திகையாக அமைந்தால் குஞ்சுகள் குளிர்ந்த மாதங்களில் வளரும் என்பதால் அதையே பரிந்துரைப்பேன்.

அன்றே, முந்தின நாள் உப்புநீரில் பொரிக்கவிட்ட ஆர்ட்டீமியாவை வடிகட்டிக் கொடுக்க வேண்டும். அதன்பின் நாளுக்கு இரு முறையாவது தவறாமல் தர வேண்டும். சில குஞ்சுகள் நீந்த இயலாமல் அடியிலேயே வயிற்றால் ஊர்ந்துகொண்டிருக்கும். முதிராத முட்டையை அவசரப்பட்டு நனைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அவற்றை இனப்பெருக்கத்துக்கு வைக்கக் கூடாது. எல்லா முட்டையும் ஒரே நனைப்பில் பொரிவதில்லை. ஒரு மழை பொய்த்தாலும் வமிசம் தப்பிப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆகவே பீட்டை எறிந்துவிடாமல், மறுபடி பதமாக உலர்த்தி மூன்று வாரம் கழித்து நனைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாறு வாரங்களில் ஆண்களுக்கு நிறம் ஏறிவிடும். இவற்றின் உறவான ஃபர்சேரி என்ற இனம் மொசாம்பிக்கின் குட்டைகளில் பொரிந்த 14 நாளிலேயே பருவமடைவதாக 2018இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

மூன்று மாதம் ஆகும்போது ஆண் முழு எழிலோடு இருக்கும். படமெடுக்க அதுவே தருணம். வளர்ப்புத் தொட்டியில் எடுக்காமல், 25 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சிறு கண்ணாடித் தொட்டி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. அதில் வளர்ப்புத் தொட்டியின் நீரையே முந்தின இரவு நிரப்பி வைத்தால் காற்றுக்குமிழிகள் கண்ணாடியில் ஒட்டாது. அடியில் கருமணலும் பின்னால் கறுப்பு அட்டையும் இருந்தால் மீனின் நிறம் வெளுக்காது.

மேக்ரோ லென்ஸ் பொருத்திய கேமராவில் லென்ஸ் திறப்பு எஃப் 11, ஒளி விழும் நேரம் நொடியில் 160இல் ஒரு பங்கு, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 200 என்று தொடங்கலாம். பிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, தொட்டிக்கு மேலே, சற்று முன்புறமாகச் சாய்த்து வைக்க வேண்டும். இந்த மீனின் நீலம் செதிலில் பட்டுத் திரும்பும் ஒளியால் உண்டாவது. நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் உடல் கறுத்துத் தோன்றும், முன்சாய்வாக விழுந்தால் நீலம் பொங்கி எழும். சிவப்போ நிறமியால் உண்டாவது என்பதால் அது எந்தக் கோணத்திலும் மாறாது. அறையை இருட்டாக்கி, கேமராவைக் கறுப்புத் துணியால் சுற்றினால் கண்ணாடியில் அதன் பிம்பம் விழாது. குவியம் கண்ணில் இருக்கட்டும். மீன் கண்ணாடிக்கு இணையாகப் பக்கவாட்டில் நிற்கும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பை வைத்து மறுபுறம் இன்னோர் ஆணை விட்டால், இரண்டும் துடுப்புகளை விரித்து நிற்கும். அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டிக்க வேண்டாம்; மீன் களைத்துவிடும்.

பெண்ணையும் படமெடுத்து வைக்க மறக்கக் கூடாது. இந்தப் பேரினத்தின் பல இனங்களில் பெண்கள் ஒரே மாதிரி மங்கிய பழுப்பாக இருப்பதால், பின்னாளில் ஐயம் எழும்போது பெயர்க்குறிப்போடு கூடிய படம் பேருதவியாகும். கோப்பின் பெயரிலேயே இனம், ஊர்க்குறியீடு, தேதி ஆகியவற்றை முட்டைப்பையில் எழுதிய அதே வரிசையில் எழுதி, முட்டையை இன்னொருவருக்கு அஞ்சலில் அனுப்பும்போது பெற்றோர் இருவரின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.