அயர்லாந்துப் படைவீரர் குடும்ப வரலாறு: தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த அயர்லாந்து முன்னோரை, பெயரையும் கவுண்டியையும் (மாவட்டம் போன்ற பிரிவு) மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேட ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. 1830 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவத்தின் சாதாரணச் சிப்பாய்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அயர்லாந்துக்காரர்கள். ஒரே ரெஜிமென்ட்டில் (படைப்பிரிவில்), ஒரே காலத்தில், பல பேட்ரிக் மர்ஃபிகள் இருந்திருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுபவை ரெஜிமென்ட்டும் படை எண்ணும் மட்டுமே. வேறு ரெஜிமென்ட்டுக்கு மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும் என்பதை மறக்கக் கூடாது. ராணுவக் குடும்பம் ஊரோடு ஒட்டியிருந்த குடும்பமல்ல. ரெஜிமென்ட்டோடு நகர்ந்த குடும்பம். மூத்த பிள்ளை அயர்லாந்தின் ஆத்லோனிலும், அடுத்தது மால்டாவிலும், கடைசிப் பிள்ளை மெட்ராஸிலும் பிறந்திருக்கலாம். ஆகவே ரெஜிமென்ட் எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்ற பட்டியலை முதலில் போடுங்கள். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் அதன் மேல் பொருத்திப் பாருங்கள்.

ரெஜிமென்ட்டின் பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. 1881 ராணுவச் சீர்திருத்தத்தில், எண்ணால் அழைக்கப்பட்ட பழைய ரெஜிமென்ட்டுகள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டன. ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்ற பெயரில் 1860ஆம் ஆண்டு வீரரைத் தேடினால் கிடைக்கமாட்டார். அன்று அந்தப் பெயரே இல்லை. 102ஆம் ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸும் 103ஆம் ராயல் பாம்பே ஃப்யூசிலியர்ஸும் சேர்ந்துதான் அது உருவானது. இந்த 102 அதற்கும் முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட்டாக இருந்தது. கம்பெனிப் படையில் சேர்ந்த அயர்லாந்துக்காரரின் ஆவணங்களை லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுவது வீண் வேலை. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. மெட்ராஸ் மாகாணத் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகளும் அங்கேதான், 'என்/2' என்ற வரிசையில்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் நேரடியாகச் சேர்ந்தவர் என்றால் எல்லோரும் முதலில் போவது கியூவில் உள்ள டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், அதாவது போர் அலுவலகம்) 97 வரிசைக்கு. அதில் வீரரின் டிஸ்சார்ஜ் (பணிவிடுவிப்பு) தாள்கள் இருக்கின்றன. ஒரு தாளைக் கவனமாகப் படித்தால் பிறந்த பரிஷ் (கவுண்டியின் உட்பிரிவு), கவுண்டி, சேர்ந்த வயது, பழைய தொழில், எந்தெந்த நாட்டில் எத்தனை ஆண்டுகள், நடத்தை, விடுவித்த காரணம், உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம் வரை கிடைக்கும். இங்கே பேர் இல்லாவிட்டால் அவர் ராணுவத்திலேயே இல்லை என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம். 1883க்கு முன் இந்த வரிசையில் பென்ஷன் பெற்றவர்களின் தாள்கள் மட்டுமே உண்டு. பணியில் இறந்தவர், ஓடிப்போனவர், பணம் கட்டி விடுதலை வாங்கியவர் எவரும் இதில் வரமாட்டார். அவர்களுக்கு மஸ்டர் ரோல் எனப்படும் ரெஜிமென்ட்டின் ஆள் பட்டியல்தான் வழி: 1877 வரை டபிள்யூ.ஓ. 12, அதன்பின் டபிள்யூ.ஓ. 16. காலாண்டு காலாண்டாகப் புரட்ட வேண்டியிருக்கும், சலிப்பான வேலைதான். ஆனால் ஒருவர் படையைவிட்டு நீங்கிய காலாண்டில் அவர் பிறந்த ஊரும் தொழிலும் சேர்ந்த நாளும் பல நேரம் குறிக்கப்பட்டிருக்கும். 1822க்கு முன் அயர்லாந்தில் பென்ஷன் வாங்கியவர் என்றால் டப்ளின் கில்மெய்ன்ஹாம் மருத்துவமனையின் டபிள்யூ.ஓ. 119 வரிசையையும் விடாதீர்கள்.

தாளில் உள்ள வயதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 18 வயதுக்கு முன் செய்த சேவை பென்ஷனுக்குக் கணக்காகாது என்பதால் பையன்கள் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். வயது கடந்தவர்கள் குறைத்தார்கள். ஞானஸ்நானப் பதிவைத் தேடும்போது முன்னும் பின்னும் மூன்று ஆண்டுகளாவது விட்டுப் பாருங்கள். ஊரும் அப்படியே. படிவத்தின் வாசகமே 'இன்ன ஊரில் அல்லது அதன் அருகில்' என்றுதான் இருக்கும். அந்த ஊர் பல நேரம் பக்கத்துச் சந்தை நகரமாக இருக்கும். அதில் வரும் பரிஷ் அரசு நிர்வாகத்துக்கானது, கத்தோலிக்கப் பங்கு அல்ல. இரண்டின் எல்லைகளும் பெயர்களும் பல இடங்களில் வேறு வேறு. டவுன்லேண்ட் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு) பெயரைக் கண்டுபிடித்து, அது எந்தப் பங்கில் வருகிறது என்று பார்த்த பிறகே அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தரும் பங்குப் பதிவேடுகளைத் திறக்கவேண்டும். அவை பெரும்பாலும் 1880 வரை உள்ளன. லத்தீன் வடிவங்களையும் எதிர்பாருங்கள்: ஜேம்ஸ் அங்கே ஜாக்கோபஸ், வில்லியம் அங்கே குலியெல்மஸ்.

1850இல் பிறந்த கத்தோலிக்கக் குழந்தைக்கு அரசுப் பிறப்புச் சான்று தேடி நாட்களை வீணாக்குபவர்களும் உண்டு. அயர்லாந்தில் கத்தோலிக்கரல்லாதோர் திருமணம் 1845 ஏப்ரலிலிருந்து பதிவானது. மற்றவை எல்லாம் 1864 ஜனவரியிலிருந்துதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நிலை இன்னும் மோசம். 1821 முதல் 1851 வரையானவற்றில் பெரும்பகுதி 1922 ஜூனில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்தது. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசே அழித்தது. 1911 வரையானவற்றில் முழுமையாக மிஞ்சியவை 1901, 1911 மட்டுமே. அவற்றிலும் பாரக்ஸ் (படைவீரர் குடியிருப்பு) படிவங்களில் பெரும்பாலும் பெயரின் முதலெழுத்துகள்தான் இருக்கும். ரெஜிமென்ட் அந்த ஆண்டில் இங்கிலாந்தில் இருந்திருந்தால் இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் முழுப் பெயரோடு கிடைக்கக்கூடும். இந்த வாய்ப்பைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை.

பெரிய தவறுகள் நடப்பது மனைவி, பிள்ளைகள் விஷயத்தில். நூறு வீரர்களுக்கு ஏறக்குறைய ஆறு மனைவியரே ரெஜிமென்ட்டின் கணக்கில், அதாவது சோறும் இடமும் பெறுவோர் பட்டியலில், சேர்க்கப்பட்டார்கள். இந்தியா போகும்போது ஏறக்குறைய பன்னிரண்டு. கப்பலேறுவதற்கு முன் சீட்டுக் குலுக்கி யார் போவது என்று முடிவு செய்யப்பட்ட காலமும் உண்டு. மீதிப் பெண்கள் பிள்ளைகளோடு கரையிலேயே நின்றார்கள், சிலர் பத்தாண்டுக்கும் மேல். கணவர் மெட்ராஸில் இருந்தார், ஆகவே மனைவியும் அங்கேதான் என்று எழுதிவிடுவது அந்தப் பெண்ணின் வாழ்க்கையையே அழித்து எழுதுவதாகும். கணக்கில் இருந்த மனைவியரின் பெயரும் பிள்ளைகளின் விவரமும் 1868 முதல் 1883 வரை மஸ்டர் ரோலோடு சேர்ந்த திருமணப் பட்டியலில் கிடைக்கலாம். இந்தியாவில் விதவையானவர்கள் சில மாதங்களிலேயே அதே ரெஜிமென்ட்டில் மறுமணம் செய்துகொண்டது சாதாரணம், ஏனென்றால் கணக்கிலிருந்து பெயர் நீங்கினால் சோறும் இடமும் போய்விடும். முதல் கணவரின் பிள்ளைகள் வளர்ப்புத் தந்தையின் பெயரில் வருவார்கள். திடீரென்று காணாமற்போன பிள்ளையை இறந்ததாகக் குறிக்கும் முன் தாயின் அடுத்த திருமணத்தைத் தேடிவிடுங்கள்.

அதிகாரி ஒருவரின் வீடு என்றால் பாதை வேறு. டபிள்யூ.ஓ. 97 அவர்களுக்கானதல்ல. 1793 முதல் 1870 வரை பதவி கேட்டு வந்த கடிதங்கள் டபிள்யூ.ஓ. 31இல் இருக்கின்றன, தந்தையோ தாயோ மாமனோ எழுதிய கடிதம் அதில் கிடைத்தால் இரண்டு தலைமுறை உறவு ஒரே தாளில் துலங்கும். அதே குடும்பப் பெயர் கொண்ட பிரபு வம்சத்தோடு ஆதாரமில்லாமல் ஒட்டவைப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

பென்ஷன் வாங்கி வீடு திரும்பிய சிப்பாயும் பிறந்த ஊருக்கே போனார் என்று கொள்ள வேண்டாம். 1842 முதல் 1862 வரையான காலத்துக்கு டபிள்யூ.ஓ. 22 வரிசையில் மாவட்டவாரியான பென்ஷன் கணக்குகள் உள்ளன. ஒரு மாவட்டத்திலிருந்து யார் எங்கே மாறிப்போனார், எந்த நாளில் இறந்தார் என்று அதில் எழுதிவைத்திருக்கிறார்கள்.