ஆய்வுக் கட்டுரைய பாதியில மூடாம படிக்க வைக்கிறது எப்படி

எம்.ஃபில் பண்றப்ப மொத அத்தியாயத்த கைடு கையில குடுத்துட்டு ரெண்டு வாரம் காத்திருந்தேன், திரும்பி வந்தப்ப 14 பக்கத்துலயும் ஒரு திருத்தம் கூட இல்ல, ஓரத்துல மட்டும் நாலஞ்சு இடத்துல பென்சில்ல "சரி, அதனால?"ன்னு எழுதியிருந்தார். தகவல்ல தப்பு இல்ல, அந்தத் தகவல வச்சு அவர் என்ன முடிவுக்கு வரணும்னு நான் எங்கயுமே சொல்லல, அதான் விஷயம்.

மொழியியல்ல இத பத்தி கென் ஹைலண்ட்னு ஒருத்தர் நிறைய பண்ணியிருக்கார், எட்டு துறையில இருந்து 240 கட்டுரைய எடுத்து வச்சு ஆராய்ஞ்சு, எழுதுறவர் படிக்கிறவரோட பேசுற விதத்த 2005ல ரெண்டா பிரிச்சார். ஒண்ணு, எழுதுறவர் தான் எவ்ளோ உறுதியா சொல்றார்னு காட்டுறது, இன்னொண்ணு படிக்கிறவர பேச்சுக்குள்ள இழுக்குறது. நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல, நன்னூல்ல 32 உத்தின்னு பி.ஏ.ல மனப்பாடம் பண்ணோமே, அதுல மொத உத்தியே நுதலிப் புகுதல்தான், என்ன சொல்லப் போறேன்னு சொல்லிட்டு உள்ள போறது. பரிட்சையில எழுதி மார்க் வாங்கிட்டு கட்டுரையில மறந்துடுறோம்.

முன்னுரையில இருந்து ஆரம்பிப்போம். ஜான் ஸ்வேல்ஸ்னு இன்னொரு மொழியியலாளர் 1990ல சொன்னது என்னன்னா முன்னுரையில மூணு நகர்வு இருக்கும்: இந்தக் களம் முக்கியம்னு காட்டுறது, அதுல என்ன விட்டுப்போச்சுன்னு காட்டுறது, அந்த இடத்த நான் நிரப்புறேன்னு சொல்றது. நம்ம ஆளுங்க மொதலாவதுலயே மூணு பக்கம் ஓட்டிடுவாங்க, "மொழி என்பது மனிதனின் கருத்துப் பரிமாற்றக் கருவி"ன்னு தொடங்கி தமிழோட தொன்மை வரைக்கும் போயிட்டு ரெண்டாவதை தொடாமலே "இவ்வாய்வு அமைகிறது"ன்னு முடிச்சிடுவாங்க. ஆட்டோ பின்னாடி எழுதுற வாசகங்கள பத்தி ஆய்வுன்னு வைங்க, மூணே வரி போதும்: "பொது இடத்து எழுத்துகள் குறித்து ஆய்வுகள் உள்ளன. அவை பெயர்ப் பலகைகளையே எடுத்துக்கொண்டன, நகரும் வாகனங்களை விட்டுவிட்டன. இக்கட்டுரை ஆட்டோ வாசகங்களை எடுத்துக்கொள்கிறது." படிக்கிறவருக்கு ஏன் படிக்கணும்னு புரிஞ்சிடும். (ஆனா அப்படி எதையும் விட்டுட்டாங்களான்னு நிஜமாவே தேடிப் பாத்துட்டு எழுதுங்க, பரீட்சகர் பாத்திருப்பார்.)

அடுத்தது "எனலாம்". இத பத்தி எனக்கு ரொம்ப நாள் கடுப்பு. உங்க ஃபைல்ல கன்ட்ரோல் எஃப் போட்டு "எனலாம்" தேடிப் பாருங்க, ஒரு பக்கத்துல ஆறு ஏழு வந்தா அது அடக்கம் இல்ல, பழக்கதோஷம். "சேலம் தமிழ்நாட்டில் உள்ளது எனலாம்"னு யாராவது எழுதுவாங்களா? கண்ணால பாத்து எண்ணுனதுக்கு "உள்ளன" போதும். நீங்களா யூகிச்சதுக்கு "எனத் தோன்றுகிறது", சான்று கொஞ்சம் இருக்குன்னா "எனக் கருத இடமுண்டு". இப்படி பிரிச்சு வச்சாதான் எந்த வரிக்கு எவ்ளோ எடை குடுக்கணும்னு படிக்கிறவருக்குத் தெரியும். இன்னொரு பக்கம் "வெள்ளிடைமலை", "மறுக்கவியலாத உண்மை"ன்னு போடுறது. அத பாத்ததும் எனக்கு மறுக்கத்தான் தோணும். 1953 ஏப்ரல்ல வாட்சனும் கிரிக்கும் நேச்சர்ல டிஎன்ஏ கட்டமைப்ப பத்தி எழுதின கட்டுரை சுமார் ஒரு பக்கம்தான், அதுல மொத வரியே ஒரு அமைப்ப முன்வைக்க விரும்புறோம்னுதான் இருக்கு, கண்டுபிடிச்சிட்டோம்னு இல்ல. அதனால அதோட மதிப்பு எங்கயும் குறைஞ்சு போகல.

அப்புறம் நாம், நாங்கள். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்தான், நமக்கு தனித்தனியா இருக்கு, ஆனா யாரும் அத யோசிச்சு பயன்படுத்துறதில்ல. களப்பணி பண்ணது உங்க டீம்னா "நாங்கள் பதிவு செய்தோம்", அட்டவணைய சேர்ந்து பாக்க கூப்பிடுறப்ப "இங்கே நாம் கவனிக்க வேண்டியது". மாத்திப் போட்டா படிக்கிறவரும் வெயில்ல ஆட்டோ ஸ்டாண்டுல நின்ன மாதிரி ஆயிடும். "ஆய்வாளர் கருதுகிறார்"னு தன்னையே படர்க்கையில சொல்றது இருக்கே, அது யாரு, நீங்களா இல்ல முந்தின பத்தியில மேற்கோள் காட்டுன ஆளான்னு குழப்பம் வரும். சில டிபார்ட்மென்ட்ல "நான்" போட விடமாட்டாங்க, அங்க "இக்கட்டுரை" போட்டு சமாளிங்க.

படிக்கிறவருக்கு எங்க சந்தேகம் வரும்னு முன்கூட்டியே பிடிக்கிறதுதான் இதுல பெரிய வித்தை. பழைய உரையாசிரியர்கள் இதுல கில்லாடி, "அஃதென்னை?"ன்னு அவங்களே கேட்டு "அற்றன்று"ன்னு, அதாவது அப்படி இல்லன்னு, அவங்களே பதில் சொல்லிட்டுப் போவாங்க, காண்டிகையுரைக்கு (சூத்திரத்துக்கு எழுதுற சுருக்கமான உரை) நன்னூல் சொல்ற உறுப்புகள்ல வினாவிடையும் ஒண்ணு. நீங்களும் செய்யலாம்: "வாசகத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஓட்டுநரா, ஸ்டிக்கர் கடைக்காரரா என்ற கேள்வி எழலாம்." கேட்டுட்டு அடுத்த வரியிலயே பதில் இருக்கணும், ஒரு அத்தியாயத்துக்கு ஒண்ணு ரெண்டு போதும், பக்கத்துக்கு நாலு கேட்டா பட்டிமன்றம் ஆயிடும். கேள்விக்கு உங்ககிட்ட பதில் இல்லன்னா ஆய்வோட எல்லை அதுன்னு நேரா எழுதிடுங்க, வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) பரீட்சகரா கண்டுபிடிச்சு கேட்டா அது வேற மாதிரி இருக்கும்.

"மேலே கண்டோம்", "பின்னர் விளக்கப்படும்" மாதிரி வழிகாட்டிச் சொற்கள் தேவைதான், ஆனா மேலேன்னா எங்க? "இயல் 2இல்"னு போடுங்க.

முடிவுரைக்கு நன்னூல்ல ஒரு குற்றத்தோட பேரே இருக்கு, சென்று தேய்ந்து இறுதல், நல்லா ஆரம்பிச்சு போகப் போகத் தேய்ஞ்சு முடியுறது. கடைசி ராத்திரி ஸ்பைரல் பைண்டிங் கடை மூடுறதுக்குள்ள எழுதுற முடிவுரை அப்படித்தான் தேயும். முன்னுரையில கேட்ட கேள்விய காப்பி பண்ணி முடிவுரை தலையில ஒட்டிக்கிட்டு அதுக்கு மட்டும் பதில் எழுதுங்க, எழுதினதும் அந்தக் கேள்விய அழிச்சிடுங்க. "மேலாய்வுக்கான களங்கள்"னு பத்து தலைப்பு அடுக்குறத விட, உங்களால பண்ண முடியாம போன ஒண்ண, ஏன் முடியலன்னு சேர்த்து எழுதுனா அடுத்து வர்ற பிள்ளைக்கு உதவும்.