ஊர்க் கல்லூரிக்கு விடுதி வேண்டுமா: டெல்டாவில் தீர்மானிக்கும் முறை

சமுதாயக் கல்லூரி என்னும் ஏற்பாடு, வீட்டிலிருந்தே வந்துபோகும் மாணவரை மனத்தில் கொண்டு பிறந்தது. 1995-இல் புதுச்சேரியில் இது தொடங்கப்பட்டபோதும் சுற்றுவட்டாரத்து இளைஞருக்குக் கைத்தொழிலோடு கூடிய படிப்பை அருகிலேயே கொடுப்பதுதான் நோக்கமாக இருந்தது. ஆகவே, அத்தகைய கல்லூரியின் நிர்வாகக் குழுவில் விடுதிப் பேச்சு எழும்போது, “பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு விடுதி எதற்கு?” என்று ஒருவர் கேட்பது இயல்பே. காவிரிப் படுகையில் இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்லிவிட முடியாது. வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி என்று ஆறுகள் பிரிந்து ஓடும் இடத்தில், அக்கரையில் கண்ணுக்குத் தெரியும் ஊருக்குப் போகவும் பாலம் இருக்கும் ஊரைச் சுற்றித்தான் பேருந்து செல்கிறது.

எனவே தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் நேரத்தில் அளந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மாணவரும் வீட்டு வாசலை விட்டுப் புறப்படும் நேரம், மெயின் ரோட்டுக்கு நடக்கும் நேரம், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், மாலையில் கடைசிப் பேருந்து புறப்படும் நேரம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வழிப் பயணம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவோரையும், செய்முறை வகுப்பு முடியுமுன் பேருந்துக்காக எழுந்து செல்வோரையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் என்பது விதியன்று. என் அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட எல்லை.

இந்தக் கணக்கை ஜூலையில் மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். பருவத் தேர்வு நடைபெறும் நவம்பரில்தான் வடகிழக்குப் பருவமழை வலுக்கிறது. வயலும் சாலையும் ஒன்றாகிவிடும் வாரங்களில் உள்ளூர்ப் பேருந்து வருவது நிச்சயமில்லை. ஆகவே, கடந்த சில ஆண்டுகளின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வருகைப் பதிவேட்டைத் தனியே பிரித்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஒழுங்காக வந்த மாணவி ஒருத்தி அந்த மூன்று மாதங்களில் மட்டும் பாதி நாள் வரவில்லை என்றால், விடுதிக்கான முதல் சான்று அதுதான்.

இன்னொரு பிழையும் வழக்கமாக நேர்கிறது. தேவையை அறிய, இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களிடம் விண்ணப்பம் வாங்குகிறார்கள். உண்மையில் விடுதி இல்லாத காரணத்தால் பாதிக்கப்பட்டவர் கல்லூரிக்குள் வந்தே இருக்க மாட்டார். அவரைத் தேடி, உங்கள் கல்லூரிக்கு மாணவரை அனுப்பும் மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களிடம் செல்ல வேண்டும். பிளஸ் டூ தேறியும் மேலே படிக்காமல் நின்றவர் யார், எந்த ஊரினர், வீட்டார் என்ன காரணம் சொன்னார்கள் என்று கேளுங்கள். கோடியக்கரைப் பக்கமோ முத்துப்பேட்டைப் பக்கமோ கடலோரக் கிராமங்களிலிருந்து மாணவியர் குறைவாக வந்தால், பாடப்பிரிவைக் குறை சொல்லுமுன் பேருந்து அட்டவணையைப் பாருங்கள்.

பட்டியல் கைக்கு வந்ததும் கட்டடத்தை நினைக்க வேண்டாம். முதல் பாடவேளையை அரை மணி நேரம் தள்ளிவைத்தாலோ, அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரிடம் எழுத்துமூலம் கேட்டு ஒரு மாலைப் பேருந்தின் நேரத்தை மாற்றினாலோ எத்தனை பெயர்கள் குறைகின்றன என்று பாருங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், பல மாணவியருக்குப் பணம் தடையாக இல்லை. நேரமே தடையாக உள்ளது. அடுத்து, உங்கள் ஊரில் உள்ள அரசு நலத்துறை விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் சேர, வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்னும் விதி மாணவியருக்குப் பொருந்தாது என்பதைப் பல பெற்றோர் அறிந்திருக்கவில்லை. உணவும் தங்குமிடமும் இலவசமாகக் கிடைக்கும் இடம் அருகில் காலியாக இருக்கும்போது, கட்டண விடுதி ஒன்றைத் திறப்பதில் பொருளில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் முப்பது, நாற்பது பெயர்கள் எஞ்சினால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்திப் பாருங்கள். மாணவியருக்கே முதலில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாணவர் ஓர் அறையைப் பகிர்ந்து தங்கிவிடுவார், மாணவியின் படிப்போ அந்த இடத்திலேயே நின்றுவிடும். வாடகை வீடுதானே என்று அனுமதியில் அலட்சியம் கூடாது. பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் தொடர்பான 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் என்னென்ன பதிவு தேவை என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறிந்து, அதன் பிறகே முன்பணம் கொடுங்கள்.

பணக் கணக்கில்தான் பெரும்பாலான விடுதிகள் தடுமாறுகின்றன. மெஸ் செலவை டிவைடிங் சிஸ்டம் முறையில், அதாவது மாத மொத்தச் செலவை உண்டவர் எண்ணிக்கையால் வகுத்து, மாணவரிடையே பங்கிட்டுவிடலாம். ஆனால் வாடகை, சமையலர் ஊதியம், காவலர் ஊதியம், மின்கட்டணம் ஆகியவை கட்டில் காலியாக இருந்தாலும் குறைவதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக்கு, இந்த நிலையான செலவு மாதம் 1,00,000 ரூபாய் என்று கொள்வோம். ஆண்டுக்கு 12,00,000 ரூபாய் ஆகிறது. மாணவர் கட்டணம் செலுத்துவதோ 10 மாதங்களுக்கே. 40 இடங்களும் நிரம்பினால் ஒருவருக்கு மாதம் 3,000 ரூபாய், 28 இடங்களே நிரம்பினால் ஏறத்தாழ 4,286 ரூபாய், அதுவும் உணவுச் செலவு நீங்கலாக. இரண்டாவது தொகையை உங்கள் பட்டியலில் உள்ள குடும்பங்கள் கொடுக்க முடியுமா என்பதைக் கேட்டுத் தீர்மானியுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாயை உங்கள் வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மாணவியின் கைப்பணம்.

கட்டணத் தவணையை வேளாண் நாட்காட்டியோடு பொருத்துவதும் அவசியம். ஜூனில் குறுவைக்கு விதையும் உழவுக்கூலியும் செலவாகிக்கொண்டிருக்கும் வேளையில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால், விவசாயக் குடும்பம் வட்டிக்குத்தான் போக வேண்டும். குறுவை அறுவடைக்குப் பின் ஒரு தவணை, சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சென்று பணம் வந்த பின் பிப்ரவரி இறுதியில் மற்றொரு தவணை என்று வைத்தால் நிலுவை குறையும். நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு மாதத் தவணையே ஏற்றது.

இரண்டு ஆண்டுகளின் நவம்பர் மாதங்களையும் கடந்து இடங்கள் நிரம்பியே இருந்தால், அப்போது கட்டடத்தைப் பற்றிப் பேசலாம். களிமண் நிலம் மழையில் உப்பி, கோடையில் வெடிப்பதால், மண் பரிசோதனை இல்லாமல் அடித்தளம் போடக் கூடாது. அந்த இடத்தில் இதுவரை வெள்ளம் ஏறிய உயரத்தை அக்கம்பக்கத்து முதியவர்களிடம் கேட்டு, தரைத்தளத்தையும் கழிவுநீர்த் தொட்டியையும் அதற்கு மேலாக அமையுங்கள். கடலோரமாயின் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பாமல் குடிநீர் இணைப்பை முதலில் உறுதிசெய்யுங்கள். சமையலறை, தங்கும் கட்டடத்திலிருந்து விலகி, ஓடோ கீற்றோ இல்லாத கான்கிரீட் கூரையோடு இருக்கட்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சமையற்கூடத்துக் கீற்றுக் கூரையில்தான் பற்றியது.

விடுதி விதிகளை எழுதும்போது, கேட் பாஸ் நேரத்துக்கு நான்கு பக்கமும் புயல் நாளுக்கு ஒரு வரியும் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்ததைக் கண்டவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். விடுமுறை அறிவித்தவுடன் மாணவரை வெளியேற்றிப் பூட்டும் விடுதி, அவர்களை மழையில் பேருந்து நிலையத்தில் நிறுத்துகிறது. பெற்றோர் நேரில் வந்து அழைத்தாலன்றி யாரையும் அனுப்புவதில்லை என்றும், அக்டோபர் முதல் தேதிக்குள் பத்து நாளைக்குரிய அரிசி, பருப்பு, கூடுதல் எரிவாயு உருளை, குடிநீர், ஜெனரேட்டருக்கு டீசல் ஆகியவை இருப்பில் இருக்க வேண்டும் என்றும் எழுதி, அந்தப் பொறுப்பை வார்டனின் பெயருக்கு நேராகக் குறித்துவிடுங்கள்.